மின்தாக்கல்: கோப்பு தயாரிப்பதில் தொடங்கி ஏற்பு வரும் வரை, வழக்கறிஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மின்தாக்கல் என்றால் நீதிமன்றத்தின் இணையதளத்துக்குள் நுழைந்து, கோப்பை ஏற்றி, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கடைசி அரைமணி நேர வேலை. மனு திரும்பி வந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் வெகு முன்பே, கோப்பு தயாரான விதத்திலேயே இருக்கும். பக்கம் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருக்கும், கையொப்பம் செல்லாமல் போயிருக்கும், நான்காவது இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாவது உட்கார்ந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். உங்கள் திரையில் தெரிவது வேறு, நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்வது வேறு. உங்களிடம் இருக்கும் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாமல் போகலாம். உங்களுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கலாம். போய்ச் சேர்ந்த கோப்பை முதலில் சோதிப்பது ஒரு நிரல், அடுத்துப் பார்ப்பவர் பதிவக ஊழியர், கடைசியில் படிப்பவர் நீதிபதி. இந்த மூவரின் இடத்திலிருந்தும் கோப்பைப் பார்த்துத் தயாரிப்பதுதான் மின்தாக்கல்.

விதிகளை முதலில் எடுத்து வையுங்கள்

நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் விதி மாறும். ஒரே நாட்டில் மேல் நீதிமன்றம் ஒன்று கேட்கும், கீழ் நீதிமன்றம் இன்னொன்று கேட்கும். தாள் அளவு, ஓர இடைவெளி, எழுத்தின் அளவு, ஒரு கோப்பின் உச்ச அளவு, எல்லாம் ஒரே கோப்பாகவா தனித்தனியாகவா, தாள் பிரதியும் தர வேண்டுமா என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதில் தேதியும் இருக்கட்டும். விதி மாறும்போது பழைய தாளை நம்பி ஏமாறுவதுதான் அதிகம் நடக்கிறது.

கணக்கு யாருடையதோ, பொறுப்பும் அவருடையது

தளத்தில் பதிவு செய்வதைத் தாக்கல் செய்யும் நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அடையாளச் சரிபார்ப்புக்கே சில நாள் ஆகலாம். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் நீங்கள் தினமும் பார்ப்பவையாக இருக்க வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் விடுப்பில் போன ஜூனியரின் கைப்பேசிக்குப் போனால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

கடவுச்சொல்லை அலுவலகம் முழுக்கப் பகிர்ந்துகொள்வது எங்கும் நடக்கிறது. ஆனால் சட்டம் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உதாரணத்துக்கு, அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளின்படி, ஒருவரின் கணக்கு வழியாக அவருடைய அனுமதியோடு தாக்கலாகி, கையொப்பப் பகுதியில் அவர் பெயரும் இருந்தால் அதுவே அவருடைய கையொப்பம். குமாஸ்தா அழுத்திய பொத்தானுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உதவியாளருக்குத் தனிக் கணக்கு தரும் வசதி தளத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அச்சடித்து ஸ்கேன் செய்யும் பழக்கத்தை விடுங்கள்

வேர்டில் தட்டச்சு செய்த மனுவை அச்சடித்து, அதை மறுபடி ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவது இன்னும் நிறைய அலுவலகங்களில் வழக்கம். இதனால் மூன்று நஷ்டம்: எழுத்து மங்கும், கோப்பு பெருத்துவிடும், தேடல் வேலை செய்யாது. மனுவை வேர்டிலிருந்தே நேரடியாகப் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கையெழுத்துப் போட்ட பக்கமோ, உறுதிமொழி ஆணையர் முத்திரை வைத்த பிரமாணப் பத்திரமோ மட்டும் ஸ்கேன் ஆனால் போதும். விதி அனுமதித்தால் அந்தப் பக்கங்களை மட்டும் நடுவில் செருகிக்கொள்ளலாம்.

சேமிக்கும்போது பிடிஎஃப்/ஏ என்ற வகை கண்ணில் படும். இது நீண்டகாலப் பாதுகாப்புக்காக உருவான வகை. ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக 2005-இல் வெளியானது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது, உள்ளே நிரல் எதுவும் ஓடக்கூடாது என்பவை இதன் முக்கியக் கட்டுப்பாடுகள். பல நீதிமன்றங்கள் இதை ஏற்கின்றன, சில இதையே கேட்கின்றன. கேட்காத இடத்திலும் இப்படியே சேமிப்பது நல்லது. பத்து வருடம் கழித்து மேல்முறையீட்டில் திறந்தாலும் அதே மாதிரி தெரியும்.

தமிழில் ஆவணம் தயாரிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த ஆவணம் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புள்ளியும் கோடும் ஆங்கில எழுத்துமாக வரும். அந்தக் கோப்பில் யாரும் எதையும் தேட முடியாது. எழுத்துரு பதியாமல் போனால் படிக்கவும் முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பிடிஎஃப் ஆக்க வேண்டும். மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் மாற்றும் நிரல்கள் கொம்பிலும் காலிலும் அடிக்கடி சறுக்கும்.

ஸ்கேன் செய்தே ஆக வேண்டியவை

பத்திரம், ரசீது, பழைய தீர்ப்பு நகல் போன்றவற்றுக்கு வேறு வழியில்லை. 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, போதும். ஏ4 தாள் ஒன்று அந்த அளவில் 2480-க்கு 3508 புள்ளிகள். முழு வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே சுமார் 26 எம்பி. அதையே கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுருக்குவதற்கு முன்பே சுமார் 1 எம்பிதான், சுருக்கியபின் சாதாரண எழுத்துப் பக்கம் சில பத்து கேபிக்குள் அடங்கிவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று 600 டிபிஐக்குப் போனால் புள்ளிகள் நான்கு மடங்காகும், ஆனால் படிப்பவருக்குப் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. வண்ணம் பொருள் தரும் பக்கங்களுக்கு, அதாவது நில வரைபடம், புகைப்படம், நீல மையில் திருத்திய பத்திரம் போன்றவற்றுக்கு மட்டும் வண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ஆனதும், மறைக்க வேண்டியது இருந்தால் அதை மறைத்துவிட்டு, ஓசிஆர் ஓட்டுங்கள். படத்தில் இருப்பதை எழுத்தாகப் படித்தெடுக்கும் நிரல் அது. அதன்பிறகுதான் பிடிஎஃப்பில் தேடல் வேலை செய்யும். அச்சடித்த ஆங்கிலத்தை அது நன்றாகப் படிக்கும், தமிழைச் சுமாராகப் படிக்கும், கையெழுத்தை நம்ப வேண்டாம். கைப்பேசியில் படம் எடுத்து பிடிஎஃப் ஆக்குவதைத் தவிர்க்க முடியாத நேரங்கள் உண்டு. அப்போது விரல் நிழலும் மேசை விளிம்பும் படத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்குவாட்டுப் பக்கங்களைத் திரையில் நேராகப் படிக்கும்படி திருப்பி வையுங்கள். நீதிபதி கழுத்தைச் சாய்த்துப் படிப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பக்க எண்ணும் புக்மார்க்கும்

வாதத்தின் நடுவே "பக்கம் 147-ஐப் பார்க்கவும்" என்கிறீர்கள். நீதிபதி தன் திரையில் 147 என்று அடிக்கிறார். வருவது வேறு ஏதோ ரசீது. காரணம், முகப்பும் பொருளடக்கமும் சேர்ந்து ஆறு பக்கங்கள். அவற்றுக்கு நீங்கள் எண் போடவில்லை. உங்கள் 147, பிடிஎஃப் கணக்கில் 153. இந்த ஆறு பக்க இடைவெளி ஒவ்வொரு மேற்கோளிலும் நிமிடங்களைத் தின்னும்.

தீர்வு எளிது: பொருளடக்கத்தையும் சேர்த்து, முதல் பக்கத்திலிருந்தே ஒரே வரிசையாக எண் போடுங்கள். இங்கிலாந்து நீதிமன்றங்களின் மின்கட்டு (வழக்கு ஆவணங்களை ஒன்றாகத் தொகுத்த மின்கோப்பு) வழிகாட்டுதல் இதைத்தான் வலியுறுத்துகிறது. பொருளடக்கமும் எண்ணிக்கையில் சேர வேண்டும், தாள் பிரதி இருந்தால் அதன் எண்ணும் இதோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணைக் கையால் எழுதி ஸ்கேன் செய்ய வேண்டாம், எல்லா ஆவணங்களையும் ஒன்று சேர்த்தபின் பிடிஎஃப் மென்பொருளிலேயே போடுங்கள். கடைசி நேரத்தில் ஒரு ஆவணம் நடுவே புகுந்தால் பழைய எண்களை நீக்கிவிட்டு மறுபடி போட ஒரு நிமிடம்தான். மனுவுக்குள் நீங்கள் எழுதிய பக்கக் குறிப்புகளைத் திருத்தத்தான் நேரம் பிடிக்கும், அதையும் மறக்காதீர்கள்.

அப்புறம் புக்மார்க். பிடிஎஃப்பின் இடது ஓரத்தில் விரியும் இந்தப் பட்டியல்தான் படிப்பவருக்கு வழி. "இணைப்பு 1, இணைப்பு 2, இணைப்பு 3" என்று வைத்தால் யாருக்கும் உதவாது. "இணைப்பு 3, விற்பனை ஒப்பந்தம், 12.03.2019, பக்கம் 41" என்று வைத்துப் பாருங்கள். ஆவணம் என்ன, எந்தத் தேதி, எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். வேர்டில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுத்திருந்தால், பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போதே புக்மார்க் உருவாக்கும் தேர்வு இருக்கிறது. நீண்ட மனுவில் உண்மைகள், காரணங்கள், வேண்டுகோள் என உட்பிரிவுகளுக்கும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பத்திக்கும் வைப்பது அதிகப்படி, பட்டியலே ஒரு காடாகிவிடும்.

கோப்புப் பெயரிலும் இதே ஒழுங்கு வேண்டும். 1, 2, 10 என்று பெயர் வைத்தால் பல தளங்கள் 1-க்குப் பிறகு 10-ஐ அடுக்கும். 01, 02, 10 என்று வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. இடைவெளி, சாய்கோடு, மேற்கோள்குறி எதுவும் வேண்டாம். 'ஃபைனல் நியூ 2' என்ற பெயரோடு நீதிமன்றத்துக்குப் போகும் கோப்பு, 'ஃபைனல் நியூ 3' எங்கே என்ற சந்தேகத்தையும் கூடவே அனுப்புகிறது.

மறைக்க வேண்டியதை நிஜமாகவே மறையுங்கள்

இங்கே நடக்கும் தவறை மட்டும் திரும்பப் பெற முடியாது. குறைபாடுள்ள மனு திரும்பி வந்தால் சரிசெய்யலாம், வெளியே போன ரகசியம் போனதுதான்.

2019 ஜனவரியில், டொனால்ட் டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் ஓர் ஆவணத்தை மின்தாக்கல் செய்தார்கள். ரகசியப் பகுதிகள் மேல் கறுப்புப் பட்டை இருந்தது. எழுத்து அதன் அடியில் அப்படியே இருந்தது. செய்தியாளர்கள் அந்த இடத்தை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினார்கள், எல்லாம் தெரிந்துவிட்டது.

கறுப்புக் கட்டம் வரைவது, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்குவது, கறுப்பு ஹைலைட் போடுவது, இவை எதுவும் மறைப்பு அல்ல. பிடிஎஃப் மென்பொருளில் இதற்கென்றே தனிக் கருவி இருக்கும். அதில் முதலில் பகுதியைக் குறிக்க வேண்டும், பிறகு 'நடைமுறைப்படுத்து' என்பதை அழுத்த வேண்டும். இரண்டாவதை அழுத்தாமல் விட்டால் குறி மட்டும்தான் இருக்கும், எழுத்து போகாது. ஸ்கேன் ஆவணத்தில் இன்னொரு பொறி உண்டு: ஓசிஆர் ஓட்டிய பிறகு படத்தை மட்டும் கறுப்பாக்கினால், படத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்து அடுக்கு தப்பித்துவிடும். அதனால் முதலில் மறைத்துவிட்டு, அதன்பிறகு ஓசிஆர் ஓட்டுங்கள்.

முடிந்ததும் நீங்களே அந்தச் செய்தியாளராக மாறுங்கள். கோப்பை மூடித் திறந்து, கறுப்புப் பகுதியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெற்று நோட்பேடில் ஒட்டுங்கள். பிறகு தேடல் பெட்டியில் மறைத்த பெயரைத் தட்டுங்கள். ஒரு இடத்தில் மறைத்த பெயர் பக்க அடிக்குறிப்பிலோ புக்மார்க்கிலோ கோப்புப் பெயரிலோ எட்டிப் பார்ப்பது சகஜம்.

எதை மறைப்பது? அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறையின் 5.2-ஆம் விதி ஒரு நல்ல அளவுகோல். சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும், பிறந்த தேதியில் வருடம் மட்டும், சிறார் பெயரில் முதலெழுத்துகள் மட்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு உங்கள் நீதிமன்றத்தில் இன்னும் கடுமையான கட்டுப்பாடு இருக்கக்கூடும். பதிவகம் பார்த்துச் சொல்லும் என்று இருந்துவிடாதீர்கள். அந்த 5.2-ஆம் விதியின் விளக்கக் குறிப்பே, மறைக்கும் பொறுப்பு வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும்தான், நீதிமன்ற எழுத்தர் சோதிக்கத் தேவையில்லை என்கிறது.

வேர்டில் இருந்த திருத்தத் தடங்களையும் சீனியர் எழுதிய ஓரக் குறிப்புகளையும் இதே கண்ணோடு பாருங்கள். "இந்தப் பாயிண்ட் பலவீனம், சுற்றி வளைத்து எழுது" என்ற குறிப்பு எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்தது. கோப்பின் மெட்டாடேட்டாவில், அதாவது கோப்போடு சேர்ந்தே பதிவாகும் விவரங்களில், ஆசிரியர் பெயராகப் பழைய கட்சிக்காரர் இருப்பதும் உண்டு. முந்தைய மனுவை நகலெடுத்துப் புதியது தயாரித்ததன் அடையாளம் அது.

கையொப்பம் கடைசியில்

டிஜிட்டல் கையொப்பம் இட்ட பிறகு கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது என்று காட்டும். பக்க எண் போடுவது, இணைப்பது, சுருக்குவது எல்லாமே மாற்றம்தான். எனவே வரிசை இப்படி: சேர்த்து முடி, மறை, ஓசிஆர் ஓட்டு, எண் போடு, புக்மார்க் வை, அளவைச் சரிபார், கடைசியில் கையொப்பமிடு. கையெழுத்தின் படத்தை ஒட்டுவது டிஜிட்டல் கையொப்பம் ஆகாது. அதை ஏற்கும் நீதிமன்றமும் உண்டு, ஏற்காததும் உண்டு. டோக்கன் (கையொப்பச் சான்றிதழைத் தாங்கும் சிறு கருவி) பயன்படுத்துபவர்கள் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் முன்பே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

ஒலி, ஒளிப் பதிவுகள்

வாட்ஸப்பில் வந்த வீடியோவை அப்படியே ஏற்றலாமா என்று தளத்தின் விதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல இடங்களில் தனி ஊடகமாக ஒப்படைக்கச் சொல்வார்கள். எப்படியானாலும் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, கோப்பின் கைரேகை போன்ற அதன் ஹாஷ் மதிப்பை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம், கோப்பில் எதைத் தொட்டாலும் அது மாறிவிடும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணுப் பதிவுக்கான 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையே கேட்கிறது.

தளத்தில் ஏற்றும்போது

வழக்கு வகையையும் கட்சிக்காரர் பெயரையும் மனுவில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒப்பிட்டே நிரப்புங்கள். இடைக்கால மனுவைப் புது வழக்கு என்று தேர்ந்தெடுத்தால் அது வேறு மேசைக்குப் போய்விடும். பல தளங்கள் சிறிது நேரம் சும்மா விட்டால் வெளியேற்றிவிடும். அதனால் விவரங்களை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஏற்றியதும் 'முன்னோட்டம்' இருந்தால் தவறாமல் திறந்து முதல், நடு, கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். இதுவே நீதிமன்றத்துக்குப் போகும் கோப்பு.

கட்டணம் செலுத்தும்போது பணம் பிடித்துவிட்டு, பக்கம் பாதியில் நின்றுபோவது நடக்கும். பதற்றத்தில் உடனே மறுபடி கட்ட வேண்டாம். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து, தளத்தில் பணம் செலுத்திய நிலையைச் சரிபார்க்கும் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் அங்கே பதிவாகிவிடும். நேரம் உண்மையிலேயே கையை மீறினால் மட்டும் இரண்டாவது முறை கட்டி, முதல் தொகையைத் திரும்பக் கேளுங்கள்.

கடைசி நாள் என்பது எத்தனை மணி வரை?

மின்தாக்கலுக்கு நள்ளிரவு வரை நேரம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் பொதுவாக நீதிமன்றத்தின் நேர மண்டலப்படி நள்ளிரவைச் சொல்கின்றன. ஆனால் அங்கேயே மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலை 1 முதல் மாலை 5 மணியாகச் சுருக்கிவிட்டது. சில நீதிமன்றங்களில் அலுவலக நேரத்துக்குப் பிறகு வந்தது அடுத்த வேலைநாளில் வந்ததாகவே கணக்காகும். பதிவான நேரம் உங்கள் கைக்கடிகார நேரமல்ல, சர்வரின் நேரம். அதுவும் ஏற்றத் தொடங்கிய நேரமா, முடிந்த நேரமா என்ற கேள்வி இருக்கிறது. என் கருத்தில், முந்தைய வேலைநாள் மதியத்தையே கடைசி நேரமாக வைத்துக்கொள்ளும் அலுவலகங்கள்தான் நிம்மதியாகத் தூங்குகின்றன.

தளமே முடங்கிவிட்டால்? பிழைச் செய்தியை, தேதியும் மணியும் தெரியும்படி திரைப்பதிவு எடுங்கள். சில நிமிட இடைவெளியில் மறுபடி முயன்று அதையும் பதியுங்கள். உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசினாலும் பேசிய விவரத்தை மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பதிவகத்தில் தாளாகக் கொடுக்கவோ மின்னஞ்சலில் அனுப்பவோ விதி இடம் தந்தால் அன்றே அதைச் செய்யுங்கள். தாமத மன்னிப்பு மனு போட வேண்டி வந்தால் இந்தப் பதிவுகள்தான் உங்களுக்குச் சாட்சி. தளம் முடங்கியதற்கும் உங்கள் அலுவலக இணையம் போனதற்கும் நீதிமன்றம் ஒரே மாதிரி இரக்கம் காட்டாது.

பொத்தானை அழுத்திய பிறகு

திரையில் வரும் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்பதும் 'ஏற்கப்பட்டது' என்பதும் வெவ்வேறு நிலைகள். நடுவே சரிபார்ப்பு இருக்கிறது. ரசீதைப் பதிவிறக்கி வழக்குக் கோப்புறையில் வைத்து, ஏற்பு வரும் வரை தினமும் தளத்தில் நிலையைப் பாருங்கள். மின்னஞ்சலை மட்டும் நம்பினால் அது ஸ்பாமில் தூங்கும். ஏற்கப்பட்ட கோப்பை மறுபடி பதிவிறக்கி, வேறொரு கருவியில், முடிந்தால் கைப்பேசியில், திறந்து பாருங்கள். பக்கம் விட்டுப்போனது அப்போதுதான் தெரியவரும்.

எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் தனி விஷயம். சில அமைப்புகளில் பதிவு செய்த வழக்கறிஞர்களுக்குத் தளமே அனுப்பிவிடும், அதுவே சார்வு, அதாவது முறைப்படி சேர்ப்பித்தது, ஆகிவிடும். கணக்கு இல்லாத எதிர்த்தரப்புக்கு அது பொருந்தாது, நீங்கள்தான் பழைய வழியில் சார்வு செய்து சான்றளிக்க வேண்டும்.

குறைபாடு என்று திரும்பி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது சரிசெய்து தர எத்தனை நாள் என்பது. அடுத்து, மறுதாக்கல் செய்யும் தேதி கணக்காகுமா, முதல் தேதியே நிற்குமா என்பது. காலவரையறை நெருக்கடியில் வழக்கே இதில் தொங்கும். சுட்டிய குறையைப் பழைய தாக்கல் எண்ணின் கீழேயே சரிசெய்யுங்கள், புதிதாகத் தாக்கல் செய்தால் தேதி போய்விடும் ஆபத்து உண்டு. சொன்ன குறையை மட்டும் திருத்துங்கள். இடையில் தோன்றிய நல்ல வாதத்தை மனுவில் சேர்க்க ஆசை வரும். அதற்கு விதி அனுமதிக்கும் திருத்த மனு வேறாக இருக்கிறது. பக்கம் கூடினாலோ குறைந்தாலோ எண்ணும் புக்மார்க்கும் கையொப்பமும் மறுபடி முதலிலிருந்துதான். முதலில் அனுப்பிய கோப்பை அழிக்காமல், தேதியோடு தனியாக வைத்திருங்கள். எதை மாற்றினீர்கள் என்று பதிவகம் கேட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.